பின் பார்வதி கணவாய்: டிக்கெட் போடும் முன் இரவுகளைக் கணக்கிடுங்கள்

ஜூன் பிறந்ததும் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் சிலர் கேட்கும் கேள்வி மாறிவிடும். "டாக்டர், டயமாக்ஸ் எத்தனை மாத்திரை எடுத்துட்டுப் போகணும்?" டயமாக்ஸ் என்பது ஆக்சிஜன் குறைந்த உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்கும் மாத்திரை. நான் பதிலுக்கு முதலில் கேட்பது, "எத்தனை நாள் லீவ் போட்டிருக்கீங்க?" என்பதைத்தான். முன்னும் பின்னும் சனி, ஞாயிறு, நடுவில் ஐந்து வேலை நாள், ஆக மொத்தம் ஒன்பது நாள் என்பார்கள். போகும் இடம் இமயத்தில் உள்ள பின் பார்வதி கணவாய். உயரம் 5,319 மீட்டர்.

மலையேற்றக் குழுக்களோடு மருத்துவராகப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கணவாயை ஒன்பது நாளில் சென்னையிலிருந்து போய்க் கடந்து திரும்ப நினைப்பது உயிரோடு விளையாடுவது. எந்த மாத்திரையும் அந்தத் திட்டத்தைச் சரிசெய்யாது.

பாதையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இமாசலப் பிரதேசத்தில் குல்லு மாவட்டத்தின் பார்வதி பள்ளத்தாக்கையும் ஸ்பிதியைச் சேர்ந்த பின் பள்ளத்தாக்கையும் இணைப்பது இந்தக் கணவாய். ஆங்கிலேய அதிகாரி லூயிஸ் டேன் 1884இல் இதைக் கடந்தார் என்பது பதிவு. மணிகரணைத் தாண்டி பர்ஷைனியில் சாலை முடிகிறது. அங்கிருந்து வெந்நீர் ஊற்றுள்ள கீர்கங்கா, பிறகு துண்டா புஜ், டாக்கூர் குவான், ராட்சசப் பாறைகளே ஆற்றின் மேல் பாலமாகக் கிடக்கும் பாண்டு புல், அதைத் தாண்டி பார்வதி ஆறு பிறக்கும் மந்தலாய் ஏரி. ஏரிக்கு மேலே கற்குவியல், பனிப்பாறை, கணவாய். மறுபக்கம் இறங்கினால் சுமார் 3,800 மீட்டரில் மூத் கிராமம். பாதி வழி பசும்புல், மீதி வழி மரமே இல்லாத செம்மண் மலை. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் கீர்கங்காவைத் தாண்டியபின் கைபேசி சிக்னலை நம்ப முடியாது, வண்டி வராது, கடை கிடையாது.

கணவாய் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அந்தக் குறைந்த ஆக்சிஜனுக்கு உடம்பு பழக வேண்டும். பழகுவது பகலில் நடக்கும் தூரத்தைப் பொறுத்ததல்ல, இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. 3,000 மீட்டரைத் தாண்டியபின், முந்தின இரவு தூங்கிய இடத்தை விட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்து தூங்கக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும் என்பது உலகெங்கும் மலை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கணக்கு. பயண நிறுவனம் தரும் அட்டவணையைக் கையில் எடுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்ற வரிசையை விட்டுவிட்டு, கூடாரம் போடும் இடங்களின் உயரத்தை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

கீர்கங்கா சுமார் 2,950. அங்கிருந்து மந்தலாயின் 4,100 வரை பாதை நிதானமாக ஏறுகிறது. மூன்று நான்கு இரவுகளாகப் பிரித்தால் கணக்கு சரியாக வரும். சிக்கல் அதற்கு மேல்தான். பல அட்டவணைகளில் மந்தலாய்க்கு அடுத்த இரவு 4,900 மீட்டர் முகாம் என்று போட்டிருக்கும். ஒரே நாளில் 800 மீட்டர். அதற்கு மறுநாளே பனிப்பாறை. மந்தலாயில் இரண்டு இரவு தங்கி, நடுவில் 4,500 அளவில் ஒரு முகாம் போட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். கூடுதல் செலவு இரண்டு நாள். அந்த இரண்டு நாளைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள்.

"நான் மாரத்தான் ஓடுறவன் டாக்டர்" என்பார்கள். 1969இல் இந்தர் சிங்கும் அவரது சக மருத்துவர்களும், இமயத்தில் நிறுத்தப்பட்டிருந்த இந்தியப் படைவீரர்கள் 1,925 பேரின் மலைநோய் பற்றி நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். படைவீரர்களை விட உடற்தகுதி உள்ளவர்கள் யார்? உடற்தகுதி நடப்பதற்கு உதவும், மலைநோயிலிருந்து காப்பாற்றாது. வேகமாக நடக்கத் தெரிந்தவர் வேகமாக மேலே போய்விடுவதால் அவருக்குத்தான் ஆபத்து கூடுதல்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தடங்கலும் உண்டு. தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். வெள்ளியங்கிரியையும் பர்வதமலையையும் எத்தனை முறை ஏறினாலும், உயரம் உங்கள் உடம்பை என்ன செய்யும் என்பது தெரியவே வராது. அதனால் இமயத்தில் வைக்கும் முதல் அடியே பனிப்பாறைக் கணவாயாக இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். முதலில் ஹம்ப்டா போன்ற 4,200 மீட்டர் அளவிலான கணவாய் ஒன்றைப் போய்ப் பாருங்கள். தலைவலி வருகிறதா, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று உங்கள் உடம்பை நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

ஒரு முறை மந்தலாய் முகாமில், குழுவில் வேகமாக நடந்த இளைஞர் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கூடாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். "டயர்டா இருக்கு சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். ஷூ லேஸைக் கட்டச் சொன்னேன். விரல்கள் முடிச்சைத் தேடித் தேடித் தவறின. வெளியே அழைத்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் மணலில் ஒரு கோடு கிழித்து, ஒரு குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் உடம்பு சாய்ந்தது, காலை அகட்டி வைத்துச் சமாளித்தார். குடித்தவர் நடப்பது போல ஒரு தள்ளாட்டம். மூளை வீக்கத்தின் முதல் அடையாளம் இது. வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, வழிகாட்டியோடும் இரண்டு போர்ட்டர்களோடும் அப்போதே கீழே கிளம்பினோம்.

அப்போதுதான் இந்தப் பாதையின் இன்னொரு முகம் தெரியும். ஏறும்போது நிதானமாக உயர்வது வரம். இறங்கும்போது அதுவே சாபம். மந்தலாயிலிருந்து மணிக்கணக்கில் நடந்தாலும் சில நூறு மீட்டர்தான் இறங்கியிருப்போம். பாண்டு புல் பாறைகளை இருட்டில், தள்ளாடும் ஒருவரை வைத்துக்கொண்டு தாண்ட முடியாது. ஆற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு, கரையிலேயே விடியக் காத்திருந்தோம். நல்லவேளை, மறுநாள் மதியத்துக்குள் நடை நேரானது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு நாளாகத் தலைவலி இருந்திருக்கிறது. வலி மாத்திரை போட்டு மறைத்திருக்கிறார். "சொன்னா எல்லாரும் ஒரு நாள் நிக்கணுமே, எல்லாருக்கும் ஃப்ளைட் டிக்கெட் இருக்கே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உபரி நாளே இல்லாத அட்டவணை, நோயை மறைக்கச் சொல்லித் தருகிறது.

எனவே கூடாரத்தில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கவனியுங்கள். உயரத்தில் தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், அசதி எது சேர்ந்தாலும், வேறு காரணம் உறுதியாகும் வரை அது மலைநோய்தான். அதோடு மேலே ஏறக் கூடாது. ஒரு நாள் நின்றும் குறையவில்லை என்றால் இறங்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ விடியும் வரை பொறுப்போம் என்ற பேச்சே இல்லை, உடனே கீழ்நோக்கி நகர்த்தத் தொடங்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் குளிர்ந்த விரலில் தப்புக் கணக்கு காட்டும். அதன் எண் நன்றாக இருக்கிறது என்று அறிகுறியை ஒதுக்காதீர்கள். சூடத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்பது வெறும் நம்பிக்கை. மூக்கு திறந்தது போல இருக்கும், ரத்தத்தில் ஒன்றும் மாறாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி யாரும் மேலே போக வேண்டாம்.

ஸ்பிதி பக்கமிருந்து எதிர்த்திசையில் ஏறலாமா என்றும் கேட்கிறார்கள். மணாலியிலிருந்து வண்டியில் குன்சும் கணவாய் தாண்டி, உடம்பு பழகும் முன்பே 3,800 மீட்டரில் தூங்கி, அங்கிருந்து நடக்கத் தொடங்குவது அது. ஸ்பிதியில் சில நாள் தங்கிப் பழகியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பனிப்பாறை நாளைப் பற்றி மருத்துவன் நான் அதிகம் பேசக் கூடாது, ஆனாலும் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜூலையில் பனிப்பிளவுகள் மேல் பனி மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இரவுக் குளிரில் இறுகியிருக்கும் அந்தப் பனி வெயில் ஏற ஏற இளகும். அதனால்தான் நள்ளிரவுக்குப் பிறகு இருட்டிலேயே கிளம்பி, வெயில் உறைக்கும் முன் கணவாயைத் தாண்டப் பார்க்கிறார்கள். கயிறு கட்டாமல் பனிப்பாறையில் கால் வைக்காதீர்கள். கயிற்றை நடத்துபவர் உத்தரகாசியிலோ மணாலியிலோ டார்ஜிலிங்கிலோ உள்ள மலையேற்ற நிறுவனங்களில் முறையாகப் பயின்றவரா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பிளவில் விழுந்தவரை மேலே இழுக்கும் முறையைக் குழுவுக்கு முந்தின நாளே செய்து காட்டுவார்களா என்றும் கேளுங்கள். பக்கவாட்டும் மறைக்கும் அடர்ந்த கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். மேகமூட்டம்தானே என்று கண்ணாடியைக் கழற்றியவர்கள் அன்றிரவு கண்ணில் மண் விழுந்தது போல் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போர்ட்டர்களைப் பற்றியும் கேளுங்கள். அவர்களுக்குப் பனியில் நடக்கும் ஷூ, கண்ணாடி, இரவுக்குத் தூக்கப் பை, காப்பீடு இருக்கிறதா? மலையில் பிறந்தவர் என்பதால் மலைநோய் வராது என்று எந்த விதியும் இல்லை. பனியில் கண் எரிந்து நீர் வழிய, கிழிந்த ரப்பர் ஷூவோடு நம் மூட்டையைச் சுமக்கும் ஒருவரைப் பார்த்துவிட்டு, அந்தக் குழுவோடு எப்படி நிம்மதியாக நடப்பது? நோய்ப்பட்ட போர்ட்டரைக் கணக்கை முடித்துத் தனியாகக் கீழே அனுப்பும் நிறுவனத்தோடு போகாதீர்கள்.

2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு, மணாலி சாலைகள் அடித்துச் செல்லப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பருவமழையில் பார்வதி பக்கம் நனையும், ஸ்பிதி பக்கம் காய்ந்திருக்கும். என் விருப்பம் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. அப்போதும் இரண்டு உபரி நாளை நடைக்கும், ஒரு நாளைச் சாலைக்கும் ஒதுக்குங்கள். வீட்டிலிருந்து கிளம்பி வீடு திரும்ப பதினாறு நாளுக்குக் குறையாமல் விடுப்பு கிடைக்கவில்லை என்றால் இந்த வருடம் வேறு மலை. திரும்பும் விமான டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

ஹெலிகாப்டர் வரும் என்று எண்ணியும் திட்டம் போடாதீர்கள். நம் நாட்டில் உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது சட்டப்படி குற்றம். ஆகவே கணவாயடியில் விபத்து நடந்தால் யாராவது ஓடிக் கீழே போய்ச் சொல்ல வேண்டும், நிர்வாகம் ஹெலிகாப்டரைக் கேட்டு வாங்க வேண்டும், வானம் தெளிய வேண்டும்.

இனி டயமாக்ஸ். தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மருத்துவரிடம் பேசாமல் தொடக் கூடாது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், அது மருந்தின் இயல்பு. முதல் மாத்திரையை மலையில் போடாதீர்கள், ஊரில் இருக்கும்போதே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டு மாதம் முன்பே வாருங்கள், கடைசி வாரத்தில் வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறையவிடாமல் உடம்போடு ஒட்டிய உள்பையில் வைக்க வேண்டும். வரும்போது முகாம்களின் உயரத்தை எழுதிய அந்தத் தாளையும் கொண்டு வாருங்கள்.