ஓர் எழுத்து மாறிய ரத்தம்

1952 இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே ஒன்றைக் கண்டு எழுதினார்கள். ஆக்சிஜன் குறையும்போது சிலருடைய ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்தன. ஆப்பிரிக்க வம்சாவளியினரோடு சேர்த்தே அதுவரை பேசப்பட்ட ஒரு தன்மை, நம் ஊட்டிப் பக்கத்திலும் இருந்தது. இந்தியாவில் அரிவாள் செல் பற்றி வந்த முதல் பதிவுகளில் இதுவும் ஒன்று.

இன்று அதே பரிசோதனையை அரசே செய்கிறது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்புத் திட்டத்தில், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. திட்டத்தில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. பரிசோதனை முடிந்தவர்களுக்கு ஒரு கார்டு தருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரின் கார்டுகளையும் பொருத்திப் பார்த்தால், பிறக்கப்போகும் குழந்தைக்கு நோய் வருமா என்று தெரிந்துகொள்ளலாம்.

நல்ல திட்டம். நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தக் கார்டு வேறு யார் கைக்கெல்லாம் போகலாம் என்ற கேள்வி எனக்கு நிம்மதி தரவில்லை. அதற்கு முதலில், கார்டில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் ஒரு பாதியான பீட்டா புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு 11 ஆவது குரோமோசோமில் இருக்கிறது. டிஎன்ஏ எழுத்துகளாலான அந்தக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறி, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' வந்துவிடுகிறது. அதனால் புரதச் சங்கிலியின் ஆறாவது கண்ணியில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற இன்னோர் அமினோ அமிலம் உட்காருகிறது. வாலினுக்குத் தண்ணீர் ஆகாது. அதனால் ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நூல்களாகின்றன. நூல்கள் உள்ளிருந்து தள்ள, வட்டமாக இருந்த சிவப்பணு வளைந்து விறைத்துப்போகிறது. மெல்லிய ரத்தக் குழாய்களில் அது சிக்கிக்கொண்டால் தாங்க முடியாத வலி வரும், உறுப்புகளும் கெடும்.

ஆனால் இதெல்லாம் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணுவைப் பெற்றவருக்குத்தான். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கேரியர். அவருடைய ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் சரியானதுதான். அது நடுவில் கலந்திருப்பதால் நூல் சேர்வதில்லை. கடும் உடற்பயிற்சியோடு உடம்பில் நீர் வற்றிப்போவது போன்ற அபூர்வ நிலைமைகளைத் தவிர, அவர் எல்லோரையும் போல உழைத்து, ஓடி, வயதாகி வாழ்வார். கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்புகூட உண்டு. மலேரியா மண்டிய காடுகளில் இந்த மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கியதற்கு அதுதான் காரணம். இரண்டு கேரியர்கள் மணந்துகொண்டால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. கார்டு எச்சரிப்பது இதை மட்டும்தான்.

கேரியர் வேறு, நோயாளி வேறு. கேட்க எளிதாக இருக்கும் இந்த வேறுபாட்டை அமெரிக்கா தவறவிட்டபோது என்ன ஆனது என்று பாருங்கள்.

அரிவாள் செல் சோகை ஒரு மூலக்கூறில் வரும் கோளாறு என்று 1949 இல் நிரூபித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் லைனஸ் பாலிங். நோபல் பரிசு பெற்ற அதே பாலிங், 1968 இல் ஒரு யோசனை சொன்னார்: கேரியர்களின் நெற்றியில் ஓர் அடையாளத்தைப் பச்சை குத்த வேண்டும். இரண்டு கேரியர்கள் காதலிக்காமல் இருப்பதற்காகவாம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நோயுற்ற குழந்தைகள் பிறப்பதைத் தடுக்கத்தான் சொன்னார். நல்ல நோக்கமுள்ள பெரிய விஞ்ஞானிக்கே நெற்றியில் குத்துவது நியாயமாகப் பட்டிருக்கிறது என்பதுதான் என்னை உலுக்குகிறது.

யாரும் பச்சை குத்தவில்லை. ஆனால் 1970களின் தொடக்கத்தில் சில மாநிலங்கள் பள்ளியில் சேரவும் திருமண உரிமம் வாங்கவும் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். நல்ல உடல்நலத்தோடு இருந்த கேரியர்கள் வேலை இழந்தார்கள், காப்பீட்டுக்குக் கூடுதல் பணம் கட்டினார்கள். அமெரிக்க விமானப் படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை. கட்டாயம் வேண்டாம், விருப்பப்பட்டுத்தான் பரிசோதிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1972 இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அது வந்த பிறகும், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கறுப்பின ஊழியர்களின் ரத்தத்தை அவர்களுக்குச் சொல்லாமலே இதற்காகச் சோதித்தது என்று வழக்கு வந்தது. ஒருவரின் உடல்நலத்தையும் மரபணு அமைப்பையும் விட அந்தரங்கமான விஷயம் அரிது என்று 1998 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் முழுச் சட்டத்துக்காக லூயிஸ் ஸ்லாட்டர் என்ற அமெரிக்கக் கீழவைப் பெண் உறுப்பினர் 1995 முதல் போராடி, 2008 இல்தான் வென்றார். செனட்டில் 95-0, கீழவையில் 414-1. இவ்வளவு ஒருமனதான ஒன்றுக்கு 13 ஆண்டுகள்! அந்தச் சட்டப்படி முதலாளியும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனமும் மரபணுத் தகவலை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது. ஆயுள் காப்பீடு போன்றவற்றை விட்டுவிட்டார்கள். அது பெரிய ஓட்டை. கனடா 2017 இல் இன்னும் துணிந்தது. எந்த ஒப்பந்தத்துக்கும் மரபணுப் பரிசோதனையை நிபந்தனையாக வைப்பதே அங்கே குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு. அந்தச் சட்டம் செல்லும் என்று 2020 இல் உச்ச நீதிமன்றமும் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

சரி, நம் நாட்டில்?

2018 இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இதயத் தசை தடித்துப்போகும் நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, அது மரபணுக் கோளாறு என்று காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டது. நீதிபதி பிரதிபா எம். சிங் அதை ஏற்கவில்லை. சர்க்கரை நோய், இதய நோய் என்று எதை எடுத்தாலும் அதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கும்போது, பொத்தாம்பொதுவாக 'மரபணுக் கோளாறு' என்று விலக்குவது அரசமைப்புக்கு எதிரானது என்றார். ஆனால் தீர்ப்பு வேறு, நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் வேறு. அப்படி ஒரு தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2023 இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் மரபணுத் தகவலுக்கென்று தனிக் கவனம் எதையும் தரவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் நோயாளிக்குப் பாகுபாட்டிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. எந்த நோயும் இல்லாத கேரியர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். வலியில் துடிப்பவருக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கார்டில் மட்டும் குறை இருப்பவருக்கு எதுவும் இல்லை.

இப்படி ஒரு சட்டம் எழுத நமக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. எச்ஐவி உள்ளவர்களை வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஒதுக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 இலேயே சட்டம் இயற்றியிருக்கிறோம். அதே வாசகங்களை மரபணுவுக்கும் எழுதலாம். யார் யாரை மணக்கிறார்கள் என்பதில் எந்தச் சட்டமும் தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. பெண் பார்க்கும் வீட்டில் கார்டைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைப் பொறுமையாகப் பேசித்தான் மாற்ற வேண்டும். ஆனால் வேலைக்கு எடுப்பவரும், காப்பீடு விற்பவரும், விடுதியில் இடம் தருபவரும் 'கார்டைக் காட்டு' என்று கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லலாம். அப்படிச் சொல்லிவிட்டால் பரிசோதனைக்கு வர மக்களுக்கும் தயக்கம் குறையும்.

பந்தலூரிலோ கூடலூரிலோ இன்று ஊசி குத்தி ரத்தம் எடுக்கப்படும் கைக்குழந்தை 2040களில் வேலை தேடிப் போகும். அப்போதும் அதன் கார்டில் இதே முடிவுதான் இருக்கும். அந்தக் குழந்தை வளர்வதற்குள் சட்டம் வந்தாக வேண்டும்.