பேட்மேனுக்குப் பயந்த பையன்

ஏழு வயதுப் பையன். பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில், தலையணை உறை எல்லாமே பேட்மேன். வகுப்பில் பக்கத்துப் பையனை அடித்துவிட்டான் என்று பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். "படத்தைப் பார்த்துக் கெட்டுப்போயிட்டான் மேடம்" என்றார் அப்பா. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பேசப் பேச வேறு கதை வந்தது. இரண்டு வாரமாக அவன் தனியாகத் தூங்குவதில்லை. சித்தப்பாவின் போனில் ஓடிய படத்தில், கீழே விழுந்தவன் அசையாமல் கிடந்த பிறகும் பேட்மேன் குத்திக்கொண்டே இருந்தாராம். "அவரும் கெட்டவரா ஆயிட்டாரா?" என்று என்னிடம் கேட்டான். வகுப்பில் கைநீட்டியது பெரும்பாலும் தூக்கம் கெட்ட பிள்ளையின் எரிச்சல்தான்.

"அசல் பேட்மேனே அப்படித்தான்" என்று சித்தப்பா வாதாடினார். அவர் சொன்னதில் தப்பில்லை. 1939இல் வந்த முதல் காமிக்ஸ் கதையிலேயே வில்லன் பேட்மேனிடம் குத்து வாங்கி அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். பேட்மேன் துளியும் வருத்தப்படவில்லை. தொடக்கக் கதைகளில் அவரிடம் துப்பாக்கி உண்டு, விமானத்தில் மெஷின் கன்னும் உண்டு. 1938இன் சூப்பர்மேனும் சாது இல்லை. மனைவியை அடித்தவனைத் தூக்கிச் சுவரில் எறிந்தவர் அவர். ஆனால் 1940இலேயே பேட்மேனுக்குத் துணையாகச் சிறுவன் ராபின் வந்துவிட்டான். கொல்லக் கூடாது என்று பதிப்பாசிரியர் தரப்பும் கட்டுப்பாடு போட்டது. அசல், அசல் என்று சண்டை போடுகிறோமே, அந்த அசலின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்!

அதற்காக முரட்டு நாயகர்களை மென்மையாக்கச் சொல்லும் கட்சி இல்லை நான். நம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியே பிரிட்டனின் வேலியன்ட் இதழில் 1962இல் குற்றவாளியாகத் தொடங்கி, பிறகு நல்ல பக்கம் வந்தவர்தான். 1972 முதல் முத்து காமிக்ஸில் அவரைத் தமிழில் படித்தவர்கள் யாரும் கொள்ளையடிக்கக் கிளம்பியதாக நான் கேள்விப்படவில்லை. தவிர, எங்கள் துறைக்கே இதில் ஒரு பழைய அவமானம் உண்டு. காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று 1954இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் எழுதினார். அந்தப் பரபரப்பில் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதித்துக்கொண்டார்கள். அவர் தன் ஆதாரங்களைத் திரித்திருந்தார் என்பது 2012இல் ஓர் ஆய்வாளர் அவருடைய கோப்புகளைப் புரட்டியபோது வெளிவந்தது.

என் கவலை வேறு. சின்னப் பிள்ளைக்கு நாயகன் என்பவன் எடுத்துப் போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 4, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். தங்களைப் பேட்மேன் போன்ற ஒரு கதாபாத்திரமாகப் பாவித்துக்கொண்டவர்கள், தாங்களாகவே இருந்தவர்களைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். இருட்டில் பயம் வந்தால் இந்தப் பையனும் அந்தச் சட்டைக்குள்தான் ஒளிந்துகொள்வான். அந்தச் சட்டைக்கே பயப்பட வேண்டி வந்தால் எங்கே போவான்?

பெரியவர்களுக்காக எடுத்த படத்தின் அதே சின்னத்தை எல்கேஜி பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். பெற்றோர் அந்தச் சின்னத்தைப் பார்த்து நம்பிவிடுகிறோம், படத்தின் தணிக்கைச் சான்றிதழைப் பார்ப்பதில்லை. இந்தியாவில் 2024 முதல் யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்தே கொடுக்கிறார்கள். ஓடிடியிலும் வயது போட்டிருக்கும். சந்தேகமாக இருந்தால் முதலில் நீங்கள் பார்த்துவிடுங்கள். பிள்ளை ஏற்கெனவே பார்த்துவிட்டதா? திட்டாமல், "எந்த இடம் உனக்குப் பிடிக்கலை?" என்று கேளுங்கள். பயமா என்று கேட்டால் பையன்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

அப்பா பையைத் தூக்கிப் போடத் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை வந்தபோதும் பையன் அதே பையைத்தான் மாட்டியிருந்தான். தலையணை உறையை மட்டும் ராத்திரியில் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்கிறானாம்.