"மூணு வருஷமா இப்படித்தான் போடுறான் சார்"

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டேபிள் டென்னிஸ் போட்டி, நான் அம்பயர். 13 வயதுக்கு உட்பட்ட பையன்கள், ஐந்தாவது கேம், 9-9. சர்வீஸ் போட வந்த பையன் பந்தை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, கையிலிருந்தே தட்டிவிட்டான். ஃபால்ட் கொடுத்தேன், பாயிண்ட் எதிராளிக்கு. அடுத்த பாயிண்டும் போனது. பையன் அழுதான். அப்பா நேராக என் நாற்காலிக்கு வந்துவிட்டார். "மூணு வருஷமா இப்படித்தான் போடுறான் சார், யாருமே ஒண்ணும் சொன்னதில்லையே!"

அதுதானே பிரச்சினை. மூன்று வருடமாக யாரும் சொல்லவில்லை.

விதி சிக்கலானதில்லை. பந்து விரித்த உள்ளங்கையில் சும்மா இருக்க வேண்டும், கை அசையாமல் நிற்க வேண்டும். சுழற்றாமல் ஏறக்குறைய நேர்செங்குத்தாக, குறைந்தது 16 சென்டிமீட்டர் தூக்கிப் போட்டு, இறங்கும்போது அடிக்க வேண்டும். அதுவரை பந்து டேபிளின் கடைக்கோட்டுக்குப் பின்னால், டேபிள் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நெட்டின் உயரம் 15.25 சென்டிமீட்டர், நாங்கள் மனதில் அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். பந்தோடு சேர்த்துக் கையையும் உயர்த்திவிட்டு "இவ்வளவு தூக்கினேனே" என்பார்கள். உள்ளங்கையை விட்டுப் பந்து கிளம்பிய பிறகுதான் கணக்கு.

"ஸ்கேல் வச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார் அப்பா. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சந்தேகத்தின் பலன் பேட்ஸ்மேனுக்கு என்று ஊறிப்போயிருக்கிறது. இங்கே அப்படியில்லை, தலைகீழ். சர்வீஸ் சரியாக இருக்கிறது என்று அம்பயருக்குத் தெரியும்படி போடுவது ஆடுபவரின் பொறுப்பு. தப்பு என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சரி என்று நீங்கள் காட்ட வேண்டும். எனக்குச் சந்தேகம் வந்தால் முதல் தடவை லெட் (யாருக்கும் பாயிண்ட் இல்லை, மறுபடி சர்வீஸ்) கொடுத்து எச்சரிப்பேன். அந்த எச்சரிக்கை கேமுக்கு ஒன்று இல்லை, முழு மேட்சுக்கும் ஒன்றே ஒன்று. இரட்டையரில் ஜோடிக்கே ஒன்றுதான். அதன் பிறகு சந்தேகம் வந்தாலே பாயிண்ட் எதிராளிக்கு. இதுவும் சந்தேகம் வரும்போது மட்டும். அப்பட்டமாகத் தப்பென்றால் எச்சரிக்கையே கிடையாது, முதல் சர்வீஸிலேயே பாயிண்ட் போகும். இந்தப் பையனை முதல் கேமிலேயே எச்சரித்திருந்தேன். மூன்று கேம் ஒழுங்காகத் தூக்கிப் போட்டான். 9-9 வந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. ஃபால்ட் கொடுக்க எனக்கும் ஆசையில்லை சாமி, எதிரே நின்ற பையனும் யாரோ பெற்ற பிள்ளைதானே.

உடம்பாலோ கையாலோ பந்தை மறைப்பது 2002-லேயே தடை செய்யப்பட்டது. பந்தைத் தூக்கியதும் அந்தக் கையை விலக்கிவிட வேண்டும். பெரிய ஆட்டக்காரர்களின் பழைய வீடியோவைப் பார்த்துக் கற்கும் பிள்ளைகளே, அது எந்த வருட மேட்ச் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேட். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ரப்பரில், கைப்பிடிக்குப் பக்கத்தில், சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் (ITTF) முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு கட்டாயம். மறுபக்கம் சிவப்பு, 2021 அக்டோபரிலிருந்து இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலமும் அனுமதி. அழகுக்காக வந்த விதி இல்லை இது. ஒரே நிறத்தில் இரண்டு பக்கமும் வேறுவேறு ரப்பர் ஒட்டி, எந்தப் பக்கம் அடித்தார் என்றே தெரியாமல் எதிராளியைத் திணற அடித்த காலம் ஒன்று இருந்தது. அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து ரப்பர் 4 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆவியாகும் ரசாயனம் கலந்த கரைப்பான் பசை 2008-லேயே தடை செய்யப்பட்டு ஒழிந்தது. "பழைய பசைதான் நல்லா ஸ்பீடு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மேட்ச் நடுவே தோன்றியபோதெல்லாம் பேட்டை மாற்ற முடியாது, தற்செயலாக உடைந்தால்தான் உண்டு. அதற்காகவாவது பையில் இன்னொன்று இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன்னால் எதிராளி கேட்டால் முகம் சுளிக்காமல் பேட்டைக் காட்டுங்கள்.

வெள்ளைப் பந்தோடு ஆட வெள்ளை டி-ஷர்ட் போட்டு அனுப்பாதீர்கள். சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டாலும் யாராவது ஒருவர் வந்து நிற்கிறார், கடன் வாங்கிய சட்டையில் முதல் மேட்ச் ஆடுகிறார்.

கோச்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். பயிற்சி மேட்சில் ஒரு பிள்ளையை அம்பயராக உட்கார வையுங்கள், ஃபால்ட் கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டாளி கொடுக்கிற ஃபால்டுக்கு யாரும் அழுவதில்லை. பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். நெட்டுக்கு நேரே, டேபிளிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, செல்போனை நிறுத்தி வைத்துப் பத்து சர்வீஸ் படம் பிடியுங்கள். நாங்கள் உட்காரும் இடம் அதுதான்.