ஞாயிறு சாயங்காலம் எப்படி இருக்கிறது?

"ஆபீஸ் டென்ஷன்" என்று சொல்லிக்கொண்டு என் கிளினிக்குக்கு யாரும் வருவதில்லை. நெஞ்செரிச்சல், கழுத்துவலி, முப்பது வயதிலேயே எகிறும் பிரஷர் என்றுதான் வருவார்கள். சென்னையில் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையில் பொது மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரையை மிட்டாய் மாதிரி போட்டுக்கொண்டிருப்பார்கள். "ஞாயிறு சாயங்காலம் எப்படி இருக்கும்? லீவில் ஊருக்குப் போனால் குறைகிறதா?" என்று கேட்டால் அப்புறம்தான் மேனேஜர் பேச்சு வரும்.

முதலில் "வேலை ஜாஸ்தி டாக்டர்" என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறு கதை. காலையில் மேனேஜர் அவசரம் என்று சொன்ன வேலையை, "ஏன் செய்தாய்?" என்று மாலையில் அவரே கேட்கிறார். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸாப். எல்லாரும் இருக்கும் மீட்டிங்கில் திட்டு. எது எப்போது வந்து விழும் என்று தெரியாமல் காத்திருப்பதில்தான் உடம்பு அதிகம் அடிவாங்குகிறது. லண்டன் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1985 முதல் கவனித்துவரும் இரண்டாம் வொயிட்ஹால் ஆய்விலும், தன் வேலையில் தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. இதை மாற்றாமல் கம்பெனி மாதம் ஒரு யோகா வகுப்பு நடத்துவது, என்னைக் கேட்டால், கண்துடைப்பு.

நேரமும் முக்கியம்தான். வாரத்துக்கு 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல் என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

மேனேஜர் வாயால் சொன்ன வேலையை அன்றே அவருக்கு மெயிலில் எழுதிவிடச் சொல்கிறேன்: "இன்று இதை முடிக்கிறேன், அது நாளை." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் கையில் ஒரு பிடி இருக்கும். கோபத்தில் ராஜினாமா வேண்டாம். இஎம்ஐ இருக்கிறது, நோட்டீஸ் பீரியட் இருக்கிறது. முதலில் லீவு போட்டு, நாலு நாள் தூங்கி எழுந்து யோசியுங்கள். மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நெஞ்சு இறுக்கி, கைக்கோ தாடைக்கோ வலி பரவி, வியர்த்தால் "டென்ஷன்தான், கேஸ்தான்" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவு, இல்லை 108. செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.