துப்பினால் ரத்தம், விழுங்கினால் வலி

காலையில் காறித் துப்பும்போது எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு தெரிகிறது. உடனே "தொண்டையில் புண்" என்று வீட்டிலேயே முடிவு கட்டி, மருந்துக்கடையில் கேட்டு ஐந்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவார்கள். ரத்தம் தானாக நின்றுவிடும், மாத்திரை கேட்டது என்று நினைப்பார்கள். அடுத்த மாதம் மறுபடி வரும். எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இப்படி வருகிறவர்களில் பலருக்கும் ரத்தம் தொண்டையிலிருந்தே வந்திருக்காது. மூக்கு, வாய், நுரையீரல், இரைப்பை எல்லாம் வந்து கூடுகிற சந்திப்பு தொண்டை. எங்கே கசிந்தாலும் அந்த வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

அதனால் வெள்ளைக் கிண்ணத்திலோ டிஷ்யூவிலோ துப்பி, வெளிச்சத்தில் பாருங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. "கொஞ்சம்", "நிறைய" என்ற வார்த்தைகளைவிட அந்தப் படம் எங்களுக்கு அதிகம் சொல்லும். தலையணையில் இளஞ்சிவப்புக் கறை, பல் தேய்க்கும்போது ரத்தம் என்றால் ஈறு. படுத்தவுடன் தொண்டைக்குள் ஏதோ சொட்டுகிற உணர்வு, காறினால் கறுத்த கட்டி என்றால் மூக்கின் பின்பக்கம். ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களுக்கு இது சகஜம், மூக்குத் துவாரத்தில் ஒரு பொட்டு ரத்தம்கூடத் தெரியாமல் இருக்கலாம். இருமலோடு, பளிச்சென்ற சிவப்பில், நுரைத்தோ சளியில் கலந்தோ வந்தால் நுரையீரல். வாந்தியோடு காப்பித்தூள் நிறத்தில் வந்து, மலமும் தார் போலக் கறுத்துப் போனால் இரைப்பை; இதற்கு அன்றே மருத்துவமனை போக வேண்டும்.

நுரையீரல் என்று சந்தேகம் வந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

தொண்டையிலேயே ரத்தம் கசியும் காரணங்கள் வேறு வகை. காய்ச்சலோடு டான்சில் வீங்கி, பலமாக இருமியதில் ஒரு கோடு ரத்தம் வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் வலி ஒரே பக்கம் கூடிக்கொண்டே போய், வாயைத் திறக்க முடியாமல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் ஒழுகவிட்டு, குரல் அடைத்துப் பேசினால் டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது. மாத்திரை மட்டும் போதாது, சீழை எடுக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது சத்தமும் சேர்ந்தால் வாய்க்குள் கரண்டியை நுழைத்துப் பார்க்க வேண்டாம், உட்கார்ந்தபடியே கொண்டுபோங்கள்.

அடுத்து, மீன் முள். சோற்று உருண்டை, வாழைப்பழம் என்று விழுங்கச் சொல்லுவது நம் வீடுகளில் பழக்கம். டான்சிலில் லேசாகக் குத்தி நிற்கிற முள் அதனால் சதைக்குள் முழுதாகப் புதைந்துவிடும், பிறகு தேடுவதே சிரமம். கழுத்தின் மேல்பகுதியில் ஒரே பக்கம் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் முள் பெரும்பாலும் டான்சிலிலோ அடிநாக்கிலோ இருக்கும். புறநோயாளிப் பிரிவிலேயே எடுத்துவிடலாம். கழுத்துக் குழிக்குக் கீழே வலித்தால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் முள் இல்லை என்று ஆகாது, மெல்லிய முட்கள் அதில் தெரிவதில்லை. முள் சிக்கிய சில நாளில் காய்ச்சல், நெஞ்சுவலி, கழுத்து வீக்கம், புது ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அவசரம். உணவுக்குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். அதை ஒட்டித்தான் பெருந்தமனி என்ற பெரிய ரத்தக்குழாய் போகிறது.

கேட்டால் பலர் நம்பமாட்டார்கள், தொண்டையில் அட்டை கடித்தும் ரத்தம் வரும். ஓடையிலோ குளத்திலோ குனிந்து நேராகத் தண்ணீர் குடிக்கும்போது குட்டி அட்டை உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும். வலி இருக்காது. அதன் எச்சில் ரத்தத்தை உறையவிடாது, அதனால் விட்டு விட்டுக் கசியும். சிலருக்கு ஏதோ நெளிவது போல இருக்கும். விரல் விட்டு இழுக்கக் கூடாது. பாதியில் நழுவி மூச்சுக்குழாயில் விழுந்தால் ஆபத்து. மரப்பு மருந்து தெளித்து இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். "எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?" என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் போன்ற மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்படியே படுத்தால், உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள்.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது, அதிகம் வலிக்காத ஒருவகை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்கும்போது ஒரே பக்கம் உறுத்தல், கழுத்தில் கட்டி, அவ்வப்போது எச்சிலில் ரத்தம், இவற்றோடு காதுவலி. காதைப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தொண்டைக்கும் காதுக்கும் உணர்வைக் கொண்டுபோவது ஒரே நரம்புகள் என்பதால், தொண்டைப் புற்றுநோய் காதுவலியாக வெளிப்படும். புகையிலை, பான்பராக், பீடி, மது பழக்கம் உள்ளவர்கள் இதைத் தவறவிடவே கூடாது. எந்தப் பழக்கமும் இல்லாத பெண்களுக்கு, குறிப்பாக நெடுநாள் ரத்தசோகை உள்ளவர்களுக்கு, குரல்வளைக்குப் பின்னால் புற்றுநோய் வருவதும் உண்டு. "எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாதே" என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

டார்ச் அடித்து "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் அது தொண்டையின் ஆழமான இடங்களுக்குப் பொருந்தாது. வாயைத் திறந்தால் தெரிவது டான்சிலும் பின்சுவரும்தான். அடிநாக்கு, குரல்வளை, அதன் இரு பக்கமும் உள்ள பள்ளங்கள் தெரியாது. அதற்கு மூக்கு வழியாக 3, 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் கேமராக் குழாயை விடுவோம். மரப்பு மருந்து தெளித்தபின் சில நிமிட வேலை. "ஈ" சொல்லச் சொல்வது குரல்நாண்கள் சேர்வதைப் பார்க்க. வாயை மூடிக் கன்னத்தை உப்பச் சொல்வது அந்தப் பள்ளங்கள் விரிவதற்காக. முடிந்தபின் மரப்பு போகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், எதுவும் சாப்பிட வேண்டாம், புரையேறும். சந்தேகமான இடத்தில் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றால் "கத்தி பட்டால் பரவிடும்" என்று பயந்து ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் பரவாது. பரவுவது தள்ளிப்போடுகிற மாதங்களில்தான்.

ரத்தம் வந்துகொண்டிருக்கும்போது படுக்கவோ தலையை அண்ணாந்து வைக்கவோ கூடாது. உட்கார்ந்து முன்னால் குனிந்து, வருவதைத் துப்புங்கள். விழுங்கினால் வாந்தி வரும், அளவும் தெரியாது. மூக்கிலிருந்து என்றால் மூக்கின் மெத்தென்ற பகுதியை இடையில் விட்டுப் பார்க்காமல் 10 முதல் 15 நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு, சூடான காப்பி எதுவும் அப்போது வேண்டாம். அரை டம்ளருக்கு மேல் போனாலோ, தலைசுற்றி வியர்த்தாலோ, மூச்சுத் திணறினாலோ 108.

டான்சில் அறுவை முடிந்த குழந்தைக்கு 5 முதல் 10 நாளுக்குள் ரத்தம் வந்தால், தானாக நின்றுவிட்டாலும் உடனே கொண்டுவாருங்கள். தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே கசிகிறது என்று பொருள். சின்னக் குழந்தை சாப்பிட மறுத்து, எச்சிலில் ரத்தம் ஒழுகினால் பொத்தான் பேட்டரி விழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது 2 மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தைப் பார்த்த பயத்தில் தாமாக நிறுத்த வேண்டாம், ரத்தக்குழாயோ, அதில் வைத்த ஸ்டென்ட் என்ற வலைக்குழாயோ அடைத்துவிடலாம். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அன்றே வாருங்கள். காய்ச்சலோடு ஈறிலும் ரத்தம் என்றால் டெங்கு இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது.

எல்லாம் பார்த்தும் இடம் தெரியாமல் போவதும் உண்டு. அப்போது இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி கேமரா வைத்துப் பார்ப்போம். அதற்குள் ரத்தம் வந்தால், நின்றபிறகு வரலாம் என்று காத்திருக்காமல் வரும்போதே கிளம்பி வாருங்கள். கசிகிற இடம் அப்போதுதான் கேமராவுக்குத் தெரியும்.