சட்டைப் பூவுக்குள் கட்டக்கோரை

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் அகர் அகர் செய்யப் போகும். பழுப்பு நிறக் கட்டக்கோரைக்குப் பயணம் வேறு. நீங்கள் போட்டிருக்கிற பூப்போட்ட பருத்திச் சட்டையில் அந்தப் பூவின் விளிம்பு கலங்காமல் நிற்பதற்கு இந்தப் பாசி காரணமாக இருக்கலாம். இதற்கான பாசிகளின் உலகச் சந்தையில் பெரும்பங்கு குளிர்கடல் பாசிகளுடையதுதான். ஆனாலும் நம் கரையிலிருந்தும் ஒரு நூல் அங்கே போய்ச் சேருகிறது.

வேட்டியில் ஒரு சொட்டு மை விழுந்தால் இழை வழியே பரவிவிடும். துணியில் பூ அச்சிடும் சாயமும் அப்படித்தான். பரவாமலிருக்க அதைக் கஞ்சி போலக் கெட்டியாக்க வேண்டும். அரிசிக் கஞ்சியே போதாதா? போதாது. 1956இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்பவை. பருத்தியும் மாவுச்சத்தும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள். பருத்தியைப் பிடிக்கிற சாயம் கஞ்சியையும் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எத்தனை அலசினாலும் கஞ்சி போகாது. துணி அட்டை போல விறைக்கும், நிறமும் மங்கும்.

கட்டக்கோரையிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் என்ற பசை இங்கேதான் கைகொடுக்கிறது. சாயம் எளிதில் பற்றுகிற இடங்கள் அதில் குறைவு. அதன் சங்கிலி நெடுக எதிர்மின்னூட்டம். சாயத்துக்கும் அதே மின்னூட்டம் என்பதால் இரண்டும் விலகி நிற்கும். நீராவியில் வேகும்போது சாயம் பருத்தியில் பதியும், பசை அலசலில் கழன்றுவிடும்.

பாசிக்குள் இந்தப் பொருள் பெருமளவும் கால்சியத்தோடு பிணைந்து, கரையாமல் இருக்கிறது. அலைக்கு ஒடியாமல் வளைந்துகொடுக்கும் பலம் அதனால்தான். ஆலையில் அமிலம் விட்டுக் கால்சியத்தைக் கழற்றி, சோடா உப்பில் கரைத்து வடிகட்டுவார்கள். கால்சியம் திரும்பச் சேர்ந்தால் பசை கட்டிதட்டிவிடும். ஆகவே கடினநீர் உள்ள ஊர்களில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் உப்பையும் சேர்க்கிறார்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது நினைவிருக்கும். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பது அங்கே கட்டாயமானது. அந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆல்ஜினேட் நுண்ணுயிர்களால் மட்கக்கூடியதுதான். ஆனால் மட்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்னும். அச்சுப் பசையில் சேரும் யூரியா நைட்ரஜனைக் கூட்டும். இயற்கைப் பசை என்பதற்காக ஆற்றில் விட்டுவிட முடியாது.

ஆனால் சூழல் பாதிப்பின் கணக்கைக் கழிவுநீர்க் குழாயிலிருந்து மட்டும் தொடங்குவது எனக்குப் போதவில்லை. பருத்தி எந்த வயலில் விளைந்தது என்று தேடிப்போகிறார்கள். பசைக்கான பாசியை யார், எப்படி அறுத்தார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. கட்டக்கோரை பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டு மேலே அறுத்தால் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கினால் பாறை மொட்டையாகும், அதற்குள் ஒதுங்கும் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் போகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவான பிறகு, பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடங்களே இந்தப் பெண்களுக்குத் தடையாகின.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி அவர்கள் இறங்குகிறார்கள். சட்டை விற்கிறவர் பசுமை என்று எழுதும்முன் கேட்க வேண்டியவை: அடி மிஞ்சியதா? காய்ந்த பாசி கிலோவுக்கு அந்தப் பெண்ணின் கையில் என்ன கிடைத்தது?