ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டுவலியா?

"ஆர்த்ரைடிஸ்னா மூட்டுவலிதாம்மா." மருந்துக் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், தொலைக்காட்சி மருத்துவ நிகழ்ச்சியில் என்று இதை எத்தனையோ முறை கேட்டாயிற்று. போன மாதம் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று இன்னொரு முறை கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரியம்மாவுக்கு 68 வயது. நன்றாகத் தூங்கப் போனவர், விடியக்காலை மூன்று மணிக்குக் கால் வலிக்கிறது என்று வீட்டையே எழுப்பிவிட்டார். வலது முழங்கால் சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே துடித்தார். காலையில் பார்த்த டாக்டர், "ஆர்த்ரைடிஸ் மாதிரி இருக்கு, மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்றார். அப்படியென்றால் என்ன என்று வெளியே வந்து கேட்டதற்கு, மருந்து எடுத்துக் கொடுத்த பெண் "மூட்டுவலிம்மா" என்றார். "வலிக்குதுன்னுதானேம்மா வந்தேன், அது எனக்கே தெரியுமே" என்றார் பெரியம்மா. உடனே அந்தப் பெண், "மூட்டுவாதம்மா" என்று மாற்றிச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர்ச் சொம்பை வலது கையில் தூக்கிப் பிடித்து, கை நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி பக்கவாதத்தில் விழுந்தவர். வாதம் என்ற சொல் அவர் காதில் வேறு எப்படி விழும்?

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ஆர்த்ரான் என்றால் மூட்டு. ஐடிஸ் என்ற ஈறு முதலில் 'அதைச் சேர்ந்தது' என்ற பொருளில்தான் வந்தது. மூட்டைச் சேர்ந்த நோய், ஆர்த்ரைடிஸ். பிற்கால மருத்துவம் அந்த ஈற்றுக்கு 'அழற்சி' என்ற பொருளை நிலைநிறுத்திவிட்டது. வலிக்கு வேறு ஈறு உண்டு: ஆல்ஜியா. வெறும் மூட்டுவலியை டாக்டர்கள் ஆர்த்ரால்ஜியா என்றுதான் எழுதுவார்கள். ஆக, மூட்டுவலி என்பது நோயாளி சொல்லும் குறை. ஆர்த்ரைடிஸ் என்பது மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்லும் முடிவு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், கொண்டு போன குறையையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்த மாதிரி ஆகிறது.

சரியான தமிழ்ச் சொல் மூட்டழற்சி. முயல், முயற்சி, சுழல், சுழற்சி, அதே வழியில் அழல், அழற்சி. அழல் என்றால் தீ. லத்தீன் மொழியிலும் இதற்கான சொல் தீ மூட்டுவது என்ற வேரிலிருந்துதான் வந்தது. முதல் நூற்றாண்டில் செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்த நான்கு அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், சூடு, வலி. பெரியம்மாவின் முழங்காலில் நான்கும் இருந்தன. வலி அந்த நான்கில் ஒன்றுதான். வீக்கமும் ஒன்றுதான், அதனால் 'மூட்டு வீக்கம்' என்பதும் போதாது.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். என் சண்டை முக்கியமாக இதனோடுதான். கீல்வாதம், மூட்டுவாதம், முடக்குவாதம் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். ஒரே கட்டுரையில் மூன்றும் வருவதைப் பார்த்திருக்கிறேன். கீல் என்றால் மூட்டு. கதவில் தச்சர் அடிக்கும் கீலும் அதுதான். அதில் எனக்குக் குறையில்லை. வாதம் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படைச் சொல். வள்ளுவர் 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்கிறாரே, அந்த வளி. சித்த மருத்துவர் கீல்வாயு என்று சொல்லும்போது அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதில் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்ற பிரிவு இருக்கிறது, அதற்கேற்ற மருந்தும் இருக்கிறது. அவர் சொல்லட்டும். எக்ஸ்ரேயையும் ரத்தப் பரிசோதனையையும் வைத்து எட்டிய முடிவுக்கு அந்தச் சொல்லை எடுத்து ஒட்டுவதுதான் தவறு. ஒட்டினால் இரண்டு மருத்துவமும் குழம்பும்.

ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமாட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்பதில் இருக்கும் ரூமா என்பதும் உடம்பில் நீர் வழிந்தோடுகிறது என்ற பழைய எண்ணம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 1859இல் அந்தப் பெயரை வைத்தவர் ஆல்ஃபிரட் காரட் என்ற லண்டன் மருத்துவர். அந்த ரூமா ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் இன்று வேறு எந்த நோயையும் எழுப்புவதில்லை. தமிழில் வாதம் அப்படிச் செத்த சொல்லா? பக்கவாதம் இருக்கிறது. இளம்பிள்ளை வாதம் இருக்கிறது. 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களில் ஊர் ஊராக ஒலித்த சொல் அது. தமிழ்க் காதுக்கு வாதம் என்றால் கை கால் விழுந்துபோவது. அதோடு முடக்கையும் சேர்த்து முடக்குவாதம் என்றால், கேட்கிறவர் படுத்த படுக்கையைத்தான் நினைப்பார்.

முடக்கு என்ற சொல்லை நான் தள்ளவில்லை. மூட்டு விறைத்து மடங்க மறுப்பதைச் சொல்லும் அருமையான சொல் அது. அதை அறுப்பது என்றுதானே முடக்கறுத்தான் கீரைக்குப் பெயர் வைத்து ரசம் வைக்கிறோம். ருமாட்டாய்டு வகையை முடக்கு மூட்டழற்சி என்று சொல்லலாம். வாதத்தை விட்டுவிட்டாலே பாதி பயம் போய்விடும். வயதாகித் தேய்வதை மூட்டுத் தேய்மானம் என்று மக்களே சொல்கிறார்கள், அது இருக்கட்டும்.

அழற்சிக்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. பலர் அதை அலர்ஜியின் தமிழ் ஒலிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். "தோல் அழற்சிக்கு எந்த சாப்பாடு ஒத்துக்காது?" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அலர்ஜி 1906இல் ஃபான் பிர்க்கே என்ற வியன்னா மருத்துவர் உருவாக்கிய சொல். அதற்குத் தமிழ் ஒவ்வாமை. அழல் நம் பழைய சொல். ஒலி ஒத்துப்போவது தற்செயல். இதற்காக அழற்சியைக் கைவிடச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ழகரத்தை ஒழுங்காகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

மொழிபெயர்க்கிறவர்களிடம் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. ஆங்கில 'ஜாயின்ட் பெயின்' என்பதை மூட்டுவலி என்று எழுதாமல் 'கூட்டு வலி' என்று எழுதிய பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன. இயந்திரம் பெயர்த்தது என்று பார்த்தவுடன் தெரிகிறது, ஆனால் வெளியிட்ட மனிதர் ஒரு முறை படித்திருக்க வேண்டாமா? வலிக்கு நம்மிடம் எத்தனை சொல்! குடைச்சல், குத்தல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, மதமதப்பு. எல்லாவற்றையும் வலி என்று தட்டையாக்கிவிட்டார்கள். கால் என்கிறோம், இடுப்புக்குக் கீழே எல்லாம் கால்தான். தொடையா, கெண்டைக்காலா, கணுக்காலா என்று பிரித்துச் சொன்னால் டாக்டருக்கு எவ்வளவு உதவி! முதுகிலிருந்து கால் வழியே இழுத்தால் அது நரம்பாக இருக்கலாம், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கினால் ரத்தக் கட்டியாக இருக்கலாம். இரண்டுமே மூட்டு நோய் இல்லை. பேச்சில் மூட்டு என்றாலே முழங்கால் என்று ஆகிவிட்டதையும் சொல்ல வேண்டும். விரல் கணுவும் மூட்டுதான் என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை.

மறுநாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் பெரியம்மாவின் முழங்காலில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மூட்டுக்குள்ள அழற்சி. அழல்னா தீ இல்லையா, அதான் இப்படிக் கொதிக்குது. ஏன்னு கண்டுபிடிக்கணும்" என்றார். அப்புறம் வரிசையாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா? விரல் கணுக்களும் வலிக்கிறதா? எழுந்ததும் எவ்வளவு நேரம் விறைப்பு? அரைமணிக்குள் விட்டால் பெரும்பாலும் தேய்மானம், ஒரு மணி நேரம் தாண்டினால் அழற்சி வகைகளை யோசிக்க வேண்டும் என்றார். கிருமியாக இருந்தால் காத்திருக்கக் கூடாது என்று அப்போதே ஊசியால் மூட்டு நீரை எடுத்தார். மஞ்சளாகக் கலங்கி வந்தது. கிருமி இல்லை, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள். பிரஷருக்குப் பல வருடமாகச் சாப்பிடும் நீர் மாத்திரையும் அதற்கு ஒரு காரணமாம், அதை மாற்றிக் கொடுத்தார்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் கவுட். துளி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இதையும் கீல்வாதம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெரியம்மாவின் கோப்பு அட்டையில் 'யூரிக் அமில மூட்டழற்சி, வலது முழங்கால்' என்று எழுதிவைத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல வாதம் இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.